அறுவை மருத்துவக் கலைச்சொற்கள்: பொருட்கூறு நோக்கில் ஒரு மொழிபெயர்ப்பாய்வு

கலைச்சொல்லாக்கம் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி தனிச்சொல்லை அலகாகக் கொண்டது. ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் அல்லது புதிதாகப் படைக்கப்பட்ட சொற்களை வரிசைப்படுத்தி, அவற்றுள் தூயது எது, சுருக்கமானது எது, புழக்கத்திற்கு ஏற்றது எது என்று தெரிவு செய்வது இவ்வகை ஆய்வின் நடைமுறை. வேதியியலுக்கோ தாவரவியலுக்கோ இந்நடைமுறை ஓரளவு போதும். ஒரு தனிமத்தின் பெயரும் ஒரு செடியின் பெயரும் அப்பொருளைச் சுட்டிய அளவில் தம் பணியை முடித்துக்கொள்கின்றன. அறுவை மருத்துவத்தில் நிலைமை வேறு. இத்துறையின் அடிப்படைச் சொற்களுள் பல பொருளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை. அடுத்துச் செய்ய வேண்டியது யாது, அதனை எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்னும் தீர்மானத்தையும் தம்முள் அடக்கியுள்ளன. அத்தீர்மானத்தைத் தாங்கி நிற்கும் பொருட்கூறு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடுமானால், சொல் எவ்வளவு அழகியதாக இருந்தாலும் பயனில்லை. பொது அறுவை மருத்துவத்தில் மாணவர் முதலிற் கற்கும் சில கருத்துகளைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1931ஆம் ஆண்டில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஆஸ்திரியப் பொறியாளர் ஓய்கன் வூஸ்டர் தொழில்நுட்ப மொழியைத் தரப்படுத்துவது பற்றி எழுதியது. கலைச்சொல்லியல் ஒரு தனித்துறையாக உருவாவதற்கு அது வழிவகுத்தது. மற்றொன்று, ஜெர்மானிய மொழியியலார் யோஸ்ட் ட்ரையர் சொற்புலம் பற்றி எழுதியது. ஒரு சொல்லின் பொருள் அதன் அண்டைச் சொற்களால் வரையறை பெறுகிறது என்பது அவர் கொள்கை. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பெரிதும் முதல் வழியிற் சென்றுள்ளது. அறுவை மருத்துவச் சொற்களுக்கோ இரண்டாவது வழியே மிகுதியும் தேவைப்படுகிறது.

இச்சிக்கல் ஏட்டளவிலானது அன்று. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு இளநிலை மருத்துவப் படிப்பின் முதலாண்டுப் பாடங்களான உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுக்கு இந்தி நூல்களை வெளியிட்டது. அவற்றில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரும்பாலும் தேவநாகரி எழுத்தில் அப்படியே இடம்பெற்றன. முதலாண்டுப் பாடங்கள் உறுப்புகளையும் அவற்றின் செயல்களையும் பற்றியவை. ஆதலால் அவ்வழி அங்கு ஒருவாறு நடைபெறும். அறுவை மருத்துவம் நோயாளியின் படுக்கை அருகே கற்கப்படுவது. தமிழ்நாட்டு மாணவர் ஆங்கிலத்திற் படிக்கிறார், தமிழிற் கேட்கிறார், கேட்டதை ஆங்கிலத்தில் எழுதுகிறார், எழுதியதை மீண்டும் தமிழில் நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் பெறுகிறார். நாள்தோறும் பன்முறை நிகழும் இம்மொழிபெயர்ப்பை யாரும் மொழிபெயர்ப்பு என்று எண்ணுவதில்லை. பாடநூல் எம்மொழியில் அமைந்தாலும் இது தவிர்க்கவியலாதது.

துறையின் பெயர்

'சர்ஜரி' என்னும் சொல், கிரேக்க மொழியில் 'கை' என்றும் 'வேலை' என்றும் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கையில் தோன்றி, இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மருந்தால் அன்றிக் கைத்தொழிலால் குணப்படுத்துவது என்பது அதன் உட்பொருள். தமிழில் இத்துறைக்கு வழங்கிய மூன்று பெயர்களும் மூன்று வேறு கூறுகளைப் பற்றி எழுந்தவை. 'சத்திர வைத்தியம்' கருவியாற் பெற்ற பெயர். 'இரண வைத்தியம்' புண்ணாற் பெற்ற பெயர். 'அறுவை மருத்துவம்' செயலாற் பெற்ற பெயர். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், துரூயித்து என்பாரின் அறுவை நூலைத் தமிழில் வெளியிட்டபோது அதற்கு 'இரண வைத்தியம்' என்றே பெயரிட்டார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் தம் முறையை இலண்டன் இதழொன்றில் அறிவித்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. புண்ணே துறையின் நடுப்பொருளாக இருந்த காலத்திற்கு அப்பெயர் பொருந்தியது. இலங்கைத் தமிழில் 'சத்திரசிகிச்சை' இன்றும் வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் 'அறுவை' நிலைத்துவிட்டது. 'அறுவை' என்பதற்குப் பேச்சுவழக்கில் 'சலிப்பூட்டும் பேச்சு' என்னும் பொருளும் உண்டென்பது சொல்லின் தகுதியைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

செயலாற் பெற்ற பெயரில் ஒரு குறை உண்டு. அறுவை மருத்துவர் அறுப்பதைப் போலவே அறுக்காதிருப்பதையும் கற்றவர். கணைய அழற்சி, குடல்வாலைச் சுற்றித் திரண்ட அழற்சித் திரள், தலைக்காயங்களுட் பெரும்பாலன ஆகியவற்றை அவர் கத்தியின்றிக் கண்காணித்தே நடத்துகிறார். 'கன்சர்வேட்டிவ் மேனேஜ்மெண்ட்' எனப்படும் இதனைப் 'பழமைவாத மருத்துவம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்புக்கிடமாகும். 'கத்தியின்றிக் காத்தல்' என்று விரித்துரைப்பது தகும். இக்காரணம் பற்றியே துறையை 'அறுவை மருத்துவம்' என்றும் செயலை 'அறுவைச் சிகிச்சை' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நலம். 'அறுவை மருத்துவம் பெற்றுவருகிறார்' என்றால் உடல் கீறப்பட்டது என்று பொருளாகாமல் இருக்க வேண்டும்.

கட்டி

தமிழில் 'கட்டி' மிக விரிந்த பொருளுடையது. வெல்லக்கட்டி, பனிக்கட்டி என்பவற்றிற்போலத் திரண்டு இறுகியதைக் குறிக்கும் இச்சொல் உடலிலும் திரண்டு புடைத்த யாவற்றையும் குறிக்கும். ஆங்கில மருத்துவ நூல் 'லம்ப்', 'ஆப்செஸ்', 'சிஸ்ட்', 'டியூமர்' என்று நான்காகப் பிரிக்கும் இடத்தில் தமிழ்ப் பேச்சு ஒரே சொல்லை நிறுத்துகிறது. இது வறுமையெனக் கருதத் தேவையில்லை. நோய் இன்னதென்று தெரியாத நிலையில், எதையும் உறுதிப்படுத்தாத பொதுச்சொல் ஒன்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவை. 'மார்பில் ஒரு கட்டி தென்படுகிறது' என்னும் தொடர் அவ்வகையில் மிகச் செம்மையானது. கேடு விளைவது, இதே சொல்லைச் சோதனைக்குப் பின்னரும் சிறப்புப்பொருளில் ஆளும்போதுதான். 'கட்டி என்று சொல்லிவிட்டார்கள்' என்று கேட்ட குடும்பம் புற்றுநோய் என்று அஞ்சுகிறது. மருத்துவர் கருதியதோ கொழுப்புத் திரளாக இருக்கலாம். மறுதலையாக, புற்றுநோய் ஐயத்தைச் சொல்லும்போதும் 'சின்னக் கட்டிதான்' என்று கேட்டவர் ஆறுதலடைந்து வீடு திரும்பலாம்.

இலத்தீனிலும் 'டியூமர்' ஒருகாலத்தில் பொதுச்சொல்லாகவே இருந்தது. முதல் நூற்றாண்டின் உரோமானிய எழுத்தாளர் செல்சுஸ் அழற்சியின் நான்கு குறிகளாகச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகியவற்றைக் கூறியபோது வீக்கத்திற்கு ஆண்ட சொல் அதுவே. பின்னர் அது 'புதுவளர்ச்சி' என்னும் பொருளிற் சுருங்கியது. தமிழ்க் 'கட்டி' அவ்வாறு சுருங்கவில்லை, சுருக்கவும் வேண்டியதில்லை.

சிறப்புச் சொற்களை அமைக்கும்போது எக்கூறு தீர்மானத்தைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். சீழ் கோத்திருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். சீழ் இல்லாமல் திசுவெங்கும் பரவிய அழற்சியாயின் கீறுதல் தகாது, மருந்தே முதன்மை. ஆகவே 'ஆப்செஸ்' என்பதற்குச் 'சீழ்க்கட்டி' பொருத்தமானது. சிகிச்சைக்குரிய கூறு பெயரிலேயே இருக்கிறது. 'சிஸ்ட்' என்பதற்கு வழங்கும் 'நீர்க்கட்டி' அத்தகையதன்று. தோலடியில் தோன்றும் இவ்வகைத் திரள்களுட் பல நீர் கொண்டவை அல்ல; மாப்போன்ற கழிபொருளைக் கொண்டவை. அதைவிட முதன்மையானது, 'சிஸ்ட்' என்பதன் இலக்கணம் உள்ளிருக்கும் நீர் அன்று, அதனைச் சூழ்ந்த உறை என்பது. உறையை முழுமையாக எடுக்காமல் உள்ளீட்டை மட்டும் வெளியேற்றினால் அது மீண்டும் தோன்றும். 'நீர்க்கட்டி' என்று படித்த மாணவர் நீரை வடித்தாற் போதும் என்று எண்ணுவது இயல்பு. 'உறைக்கட்டி' அல்லது 'பைக்கட்டி' என்பது அவ்வெண்ணத்தைத் தடுக்கும். 'டியூமர்' என்பதற்குப் 'புதுவளர்ச்சி' போதும்.

மரபுத் தமிழில் இத்துறைக்கு உதவும் நுண்ணிய சொற்கள் பல கிடக்கின்றன. 'பிளவை' என்பது பல கண்களுடன் வெடித்துப் பரவும் ஆழமான சீழ்நோய். நீரிழிவுடையாரை இது மிகுதியும் தாக்கும். 'கழலை' என்பது 'கழலுதல்' என்னும் வினையோடு தொடர்புடையதாகக் கொள்ளின், விரலுக்கு நழுவி அசையும் திரளைக் குறிக்கும். கட்டியைத் தொட்டுச் சோதிக்கும் மாணவர் கேட்டுக்கொள்ளும் முதல் வினாக்களுள் ஒன்று அது அசைகிறதா என்பது. 'முன்கழுத்துக் கழலை' எனப் பாடநூல்களில் வழங்கும் தைராய்டு வீக்கம் விழுங்கும்போது மேலெழுந்து இறங்குவதாலேயே அடையாளம் காணப்படுகிறது. 'புரை' என்பது மற்றொன்று. 'புரையோடிய புண்' என்னும் வழக்கில் அது உள்ளே குடைந்து செல்லும் குருட்டு வழியைக் குறிக்கிறது. ஒரு வாயை மட்டும் உடைய 'சைனஸ்' இதுவே. இரு வாய்களை இணைக்கும் பிறழ்வழியாகிய 'பிஸ்டுலா' வேறு. மலவாயருகே தோன்றும் 'பவுத்திரம்' அதன் ஒரு வகை மட்டுமே. பொதுப்பெயராக 'ஊடுபுரை' என்று அமைத்தால், 'புரை'யோடு உள்ள உறவும் வேறுபாடும் ஒருங்கே புலப்படும்.

சொல்லைப் போலவே அதனோடு இயையும் வினைகளும் கவனத்திற்குரியவை. தமிழர் பேச்சில் கட்டி 'பழுக்கிறது', 'உடைகிறது', 'அமுங்குகிறது'. பழம் என்னும் உருவகம் காத்திருத்தலை உள்ளடக்கியது, பழுக்காததைப் பறிப்பதில்லை. தோலடியில் மேலோட்டமாக அமைந்த சிறு சீழ்க்கட்டிக்கு இவ்வுருவகம் பொருந்தும். விரல்நுனி, மார்பு, மலவாயின் அருகு, காதின் முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி ஆகிய இடங்களிலோ, தொட்டால் நீர்போல் தளும்பும் நிலை வரும்வரை காத்திருத்தல் கூடாது என்பது அறுவைப் பாடம். அதற்குள் திசு அழிந்துவிடும். 'இன்னும் பழுக்கவில்லை' என்று வீட்டில் வைத்திருக்கும் நோயாளி அறியாமையாற் பேசுவதாகக் கொள்வது தவறு. அவர் மொழி அவருக்குக் கற்பித்த மருத்துவத்தைப் பின்பற்றுகிறார். விளக்கக் கையேடு எழுதுவோர் அவ்வுருவகத்தை எதிர்கொண்டே எழுத வேண்டும்: 'இவ்விடத்துக் கட்டி பழுக்கும்வரை காத்திருக்கலாகாது' என.

பிதுக்கமும் அதன் நிலைகளும்

பொருட்கூறு இழப்பின் கேடு மிகத் தெளிவாக விளங்கும் இடம் 'ஹெர்னியா'. உள்ளுறுப்பொன்று முழுமையாகவோ பகுதியாகவோ, தான் அடங்கியிருக்கும் அறையின் சுவரில் உள்ள இயல்பற்ற வாய் வழியாக வெளியே துருத்துவது என்பது இதன் வரையறை. மக்கள் வழக்கில் இது 'குடலிறக்கம்'. இச்சொல்லின் இரு உறுப்புகளும் வரையறையோடு முரண்படுகின்றன. துருத்துவது எப்போதும் குடலாக இருப்பதில்லை. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையாகவோ சிறுநீர்ப்பையாகவோ இருக்கலாம். அது இறங்குவதும் எப்போதும் இல்லை. தொப்புளில் முன்னோக்கித் தள்ளுகிறது, உதரவிதானத்தின் வழியாக மேல்நோக்கி மார்பறைக்குட் செல்கிறது. பாடநூல்களில் வழங்கும் 'பிதுக்கம்' இவ்விரு குறைகளும் அற்றது. தொப்புள் பிதுக்கம், தழும்புப் பிதுக்கம், கவட்டைப் பிதுக்கம், தொடைப் பிதுக்கம் என்று அடைகொடுத்து வளர்க்கவும் இடந்தருகிறது. கடைசி இரண்டனுள் முன்னதைச் சிலர் 'தொடையிடுக்குப் பிதுக்கம்' என்பர். அது தொடைப் பிதுக்கத்தோடு மயங்கும். தொடைப் பிதுக்கத்தின் வாய் குறுகியதாகலின் குருதியோட்டம் தடைபடும் வாய்ப்பு அதில் மிகுதி; ஆகவே மயக்கத்திற்கு இடந்தரலாகாது.

அடுத்துப் பிதுக்கத்தின் நிலைகள். 'ரெட்யூசிபிள்' என்பது முதல் நிலை. ஆங்கிலத்தில் 'ரெட்யூஸ்' என்றால் குறைத்தல் என்று அறிந்த மொழிபெயர்ப்பாளர் 'குறைக்கக்கூடிய பிதுக்கம்' என்று எழுத நேரும். இங்கு அச்சொல் இலத்தீன் மூலத்தின் பழம்பொருளில், 'மீண்டும் இட்டுச் செல்லுதல்' என்று நிற்கிறது. உள்ளே தள்ளினால் மீளும் பிதுக்கம் என்பதே கருத்து. எலும்பு முறிவைப் பற்றி இதே சொல் வரும்போதும் முறிந்த முனைகளை இருந்த இடத்திற்குக் கொண்டுவருதல் என்று பொருள்படுமேயன்றிக் குறைத்தல் என்று பொருள்படாது. 'மீள்பிதுக்கம்', 'மீளாப் பிதுக்கம்' என்னும் இணை இதற்கு நன்கு பொருந்தும்.

பின்வருவன 'அப்ஸ்ட்ரக்டட்', 'ஸ்ட்ராங்குலேட்டட்' என்னும் இரண்டு. முன்னதில் பிதுங்கிய குடலின் உள்வழி அடைபட்டிருக்கும்; குருதியோட்டம் தொடரும். பின்னதில் குருதியோட்டம் தடைபட்டிருக்கும். பிதுக்கத்தின் கழுத்துப் பகுதியில் இறுக்கம் மிகும்போது, அழுத்தம் குறைந்த சிரைகள் முதலில் நசுங்குகின்றன. குருதி உட்செல்கிறது, திரும்ப இயலவில்லை, குடற்சுவர் வீங்குகிறது, வீக்கம் இறுக்கத்தை மேலும் கூட்டுகிறது, இறுதியில் தமனியும் அடைபட்டுக் குடல் அழுகுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அழுகல் தொடங்கிவிடலாம் என்பதால் இது உடனடி அறுவைக்குரியது.

பாடநூலில் இந்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுவதால் அவை படிக்கட்டுப் போலத் தோன்றுகின்றன. மீளும், மீளாது, அடைபடும், அழுகும் என்னும் ஏறுவரிசை மனத்தில் அமைகிறது. அவ்வமைப்பிற்கேற்ப இறுதி நிலையை 'கடும் அடைப்பு' என்றோ 'முற்றிய பிதுக்கம்' என்றோ பெயர்த்தால் தவறு பெரிதாகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் காட்லீப் ரிக்டர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவரித்த பிதுக்கம் இதனை உணர்த்தும். அதில் குடலின் முழுச் சுற்றும் பிதுங்குவதில்லை. சுவரின் ஒரு பக்கம் மட்டும் வாயிற் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய சுவருக்குக் குருதி செல்வதில்லை. ஆனால் குடலின் உள்வழி திறந்தே இருக்கிறது. மலமும் காற்றும் கழியலாம். அடைப்பு இல்லாமலே அழுகல் நிகழ்கிறது. 'கடும் அடைப்பு' என்று படித்த மாணவர், மலம் கழிகிறதா என்று கேட்டு, ஆம் என்னும் விடை பெற்று, அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவு செய்யக்கூடும்.

ஆகவே இங்குள்ளது படிக்கட்டு அன்று. உள்ளே தள்ளினால் மீள்கிறதா, உள்வழி திறந்துள்ளதா, குருதி ஓடுகிறதா என்னும் மூன்று தனித்தனி வினாக்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவின் விடை. இம்மூன்றும் தமிழ்ச் சொற்களில் தனித்தனியே தெரிய வேண்டும். 'ஸ்ட்ராங்குலேட்' என்பது குரல்வளையை நெரித்தல் என்னும் இலத்தீன் வினையடியினது. தமிழ் 'நெரி'யும் அதே உருவகம் உடையது. 'நெரிபட்ட பிதுக்கம்' என்பது செவிக்கு இயல்பாகவும் இருக்கிறது. எனினும் நெரித்தல் என்றதும் வழி அடைபடுதலே முதலில் தோன்றும்; குருதி தோன்றாது. உருவகம் ஒத்திருப்பதாலேயே பொருட்கூறு ஒத்துவிடும் என்று கொள்ளவியலாது என்பதற்கு இது தக்க சான்று. 'குருதித்தடைப் பிதுக்கம்' அழகிற் குறைந்ததாயினும் பணியிற் சிறந்தது. அதனோடு இணையாக 'வழியடைப்புப் பிதுக்கம்' என்று முன்னதைக் கூறினால் எது தடைபட்டது என்னும் வேறுபாடு பெயர்களிலேயே விளங்கும்.

வலியும் தொடுவலியும்

நோயாளி சொல்வது 'சிம்ப்டம்'. மருத்துவர் காண்பது 'சைன்'. தமிழில் இரண்டும் 'அறிகுறி' ஆகிவிட்டன. 'உணர்குறி', 'காண்குறி' எனப் பிரிப்பது எளிது. இப்பிரிவு வயிற்றுச் சோதனையில் உயிர்நிலையானது. வலி நோயாளி சொல்வது; அழுத்தும்போது தோன்றும் வலி மருத்துவர் கண்டறிவது. பின்னதற்கு வழங்கும் 'தொடுவலி' தமிழ்க் கலைச்சொற்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. நியூயார்க் மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் குடல்வால் அழற்சிக்குரிய புள்ளியைச் சுட்டியபோது பேசியது இத்தொடுவலியைப் பற்றியே. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் இடையே, எலும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தொலைவில் அப்புள்ளி அமைகிறது. 'அங்கே வலிக்கிறதா?' என்னும் தமிழ் வினா இருபொருள்பட நிற்பதை மாணவர் உணர வேண்டும்; 'நான் அழுத்தும்போது வலிக்கிறதா?' என்பதே வேண்டிய வினா. 'கார்டிங்', 'ரிஜிடிட்டி' என்னும் இரண்டும் இவ்வாறே 'விறைப்பு' என்னும் ஒரே சொல்லில் மறைகின்றன. முன்னது வலிக்கு அஞ்சி நோயாளி தசையை இறுக்குவது, பேச்சுக்கொடுத்தால் தளரும். பின்னது அவர் விருப்பத்திற்கு அப்பாற்பட்டது, தளராது. 'காப்பிறுக்கம்', 'விறைப்பு' என்று பிரிக்கலாம்.

'ஷாக்' என்னும் சொல்லை இங்கேயே கூறிவிடலாம். திசுக்களுக்குப் போதிய குருதி சென்று சேராத நிலை இது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹென்றி லெ திரானின் துப்பாக்கிக் காயங்கள் பற்றிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1743இல் வந்தது. 'குலுக்கல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நிகராக அதில் இச்சொல் இடம்பெற்றது. அதாவது ஒரு மொழிபெயர்ப்பாளரின் தெரிவே பின்னர் உலகளாவிய கலைச்சொல்லாயிற்று. தமிழில் அதனை 'அதிர்ச்சி' என்றதும், மன அதிர்ச்சியும் மின்னதிர்ச்சியும் முன்னே வந்து நிற்கின்றன. 'நோயாளி அதிர்ச்சியில் இருக்கிறார்' என்று கேட்ட உறவினர், யாரேனும் ஆறுதலாகப் பேசினால் தெளிந்துவிடுவார் என்று எண்ணக்கூடும். உறவினரிடம் 'உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகவில்லை' என்று விரித்துச் சொல்வதும், நூலில் 'குருதியூட்டத் தளர்ச்சி' என்பதும் ஏற்புடையன.

செயற்பெயர்கள்

அறுவைச் செயல்களின் பெயர்கள் கிரேக்க விகுதிகளால் ஆனவை. '-டமி' திறத்தல்; '-எக்டமி' வெட்டி அகற்றல்; '-ஸ்டமி' வாய் அமைத்தல்; '-ராபி' தைத்தல்; '-பிளாஸ்டி' உருவமைத்தல்; '-பெக்ஸி' நிலைநிறுத்தல்; '-ஸ்கோப்பி' நோக்கல். 'கோலெசிஸ்டெக்டமி' என்னும் சொல்லின் உறுப்புகளை ஆங்கிலேயருள்ளும் கிரேக்கம் அறியாதார் அறியார். கார்ல் லாங்கென்புக் 1882இல் பெர்லினில் முதன்முதலாகச் செய்த அச்செயலைப் 'பித்தப்பை அகற்றல்' என்ற அளவில் தமிழர் எவரும் அறிவர். இவ்வகையில் தமிழுக்கு நன்மையே. ஆனால் இந்நன்மை பேச்சில் வீணாகிறது. 'பெருங்குடல் ஆபரேஷன்', 'அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று உறுப்பின் பெயரோடு பொதுச்சொல்லை இணைத்து முடித்துவிடுகிறோம். விகுதி தாங்கிய பொருள் முழுதும் விடுபட்டுப்போகிறது. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா 1902இல் தள்ளிவைக்கப்பட்டதற்குக் காரணமான அறுவைச் சிகிச்சை, 'அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்றே சொல்லப்படும். அன்று பிரெடெரிக் டிரீவ்ஸ் செய்ததோ குடல்வாலைச் சுற்றிய சீழை வடித்தது மட்டுமே. குடல்வாலை அவர் அகற்றவில்லை.

விகுதிக்கு விகுதி நிகரிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் கூறவியலாது. மூலமொழியிலேயே விகுதிகள் வரையறையிலிருந்து விலகியுள்ளன. 'ஹெர்னியாட்டமி' சொல்லளவில் பிதுக்கத்தை வெட்டுதல். வழக்கில் பிதுக்கப் பையை மட்டும் அகற்றுதல், பெரும்பாலும் குழந்தைகளுக்குச் செய்யப்படுவது. 'ஹெர்னியோராபி' என்பதில் பையை அகற்றியபின் சுவரும் தைக்கப்படுகிறது; எடோர்டோ பாசினி 1880களில் இத்தாலியில் வகுத்த முறை இவ்வகையினது. 'ஹெர்னியோபிளாஸ்டி' என்பதில் சுவருக்கு வலிவூட்ட வலைத்துண்டு பதிக்கப்படுகிறது. இழுவையின்றி வலை பதிக்கும் முறையை இர்விங் லிக்டன்ஸ்டைன் 1980களில் அமெரிக்காவிற் பரப்பினார். 'பிதுக்க வெட்டு', 'பிதுக்கத் தையல்', 'பிதுக்க உருவமைப்பு' என்னும் நேர்பெயர்ப்புகள் மாணவருக்கு எதையும் தெரிவிக்கமாட்டா. 'பிதுக்கப்பை அகற்றல்', 'பிதுக்கச் சுவர்த் தையல்', 'பிதுக்க வலைப்பதிப்பு' என்பன தெரிவிக்கும். வலை உடலில் நிலையாகத் தங்கும் அயற்பொருள் என்பதால் நோயாளியும் அதனை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வேறுபாடுகள் சட்டத்தின் முன்னும் நின்றுள்ளன. 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வயிற்றினுள் கருவி செலுத்தி நோக்குவதற்கு ஒப்புதல் அளித்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்திலிருந்தபோது தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. நோயறியும் செயலுக்கு அளித்த ஒப்புதல் நோய்நீக்கும் அறுவைக்கு அளித்த ஒப்புதலாகாது என்றும், உயிருக்கு உடனடி இடர் இல்லாதபோது, மயக்கம் தெளிந்தபின் தாமே முடிவு செய்யவல்ல ஒருவருக்காகப் பிறர் ஒப்புதல் அளிக்கவியலாது என்றும் நீதிமன்றம் கூறியது. மொழியியல் நோக்கில் இது '-ஸ்கோப்பி' என்பதற்கும் '-எக்டமி' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. தமிழ் ஒப்புதற் படிவத்தில் இரண்டும் 'அறுவை சிகிச்சை' என்னும் ஒரே தொடராக அமைந்திருப்பின் அவ்வேறுபாட்டை நோயாளி எங்ஙனம் அறிவார்?

படிவங்களை மொழிபெயர்ப்போர் செயலின் பெயருக்கு நிகர்தேடுவதை விடுத்து, அச்செயலால் உடலிலிருந்து நீங்குவது எது, உடலில் புதிதாகத் தங்குவது எது, புதிதாகத் திறக்கப்படுவது எது என்பனவற்றைத் தொடராகவே எழுதலாம். 'கோலாட்டமி', 'கோலெக்டமி', 'கோலாஸ்டமி' ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஓரிரு ஒலிகளால் மட்டும் வேறுபடுபவை; தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது அவ்வேறுபாடும் மங்குகிறது. பெருங்குடலைத் திறந்து மூடுதல் முதலாவது. அதன் ஒரு பகுதியையோ முழுமையையோ அகற்றுதல் இரண்டாவது. மூன்றாவதில் குடலின் வாய் வயிற்றின் மேற்றோலில் அமைக்கப்படுகிறது. மலம் அவ்வழியே ஒரு பையில் இறங்கும். அது தற்காலிகமா நிலையானதா என்பதும் சொல்லப்பட வேண்டும். 'வயிற்றில் மலவாய் அமைத்தல்' என்று படிவம் கூறுமானால் கையெழுத்திடுவதற்கு முன் நோயாளி கேட்க வேண்டியவற்றைக் கேட்பார். 'பெருங்குடல் அறுவை சிகிச்சை' என்று கூறுமானால் மயக்கம் தெளிந்து தம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் கேட்பார்.